முன் வாசலில் ஒரு மட்டக்குதிரை

போன மாதம் ஒருநாள் காலையில் கால்நடை மருந்தகத்து ஷர்மிளா போன் எடுத்து, “நாகேஸ்வரி அக்கா, ஒடனே பொறப்பட்டு வாங்க. நம்ம பழைய கட்டடத்துச் செவத்துல எழுத்து வெளிய வருது” என்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடத் துடைக்காமல் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்தின் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் என்னால் வீட்டில் உட்கார முடியாது.

அது நுவரெலியா டவுணுக்குச் சற்றுக் கீழே, பாதையோரமாக நீளமாகப் படுத்திருக்கும் கல் கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைக் கொட்டடி. பிறகு அரசாங்கம் எடுத்து மாட்டாஸ்பத்திரி ஆக்கியது. அங்கேதான் முப்பத்தொரு வருஷம் மருந்து கலக்கினேன், ஊசி போட்டேன், கன்று இழுத்தேன், உதையும் வாங்கினேன். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் எனக்கு ‘மாட்டு நர்ஸம்மா’ என்று பெயர். இப்போது மருந்தகம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழையதைக் கொழும்புக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்துக் கோப்பிக் கடை போடுகிறார். கல் தெரிய வேண்டும் என்று அவர் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டச் சொல்ல, முன் வாசலுக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்து வந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று வரி வெளியே வந்திருந்தது. ஷர்மிளா வாசிக்க, நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பண்ணையில் கறந்த பாலும் வெண்ணெயும் இங்கே கிடைக்கும். சவாரிக்குப் பழகிய குதிரைகள் வாடகைக்கு உண்டு. குதிரை, மாடு ஆகியவற்றின் சகல நோய்களுக்கும் கைகண்ட மருந்து, பொதுமக்கள் அனைவரும் வருக. கீழே இன்னொரு வரி இருப்பது தெரிந்தது, ஆனால் அது சுண்ணாம்புக்குள் கிடந்தது. மேசன் ஒருவர் ஏணியில் நின்று கவனமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“சகல நோய்க்கும் மருந்தாம்” என்று நான் சிரித்தேன்.

“அக்கா, ஏரிக்கரையில குதிரைக்காரங்க ஒரு கதை சொல்றாங்களே, நீங்க ஒரு மட்டக்குதிரையக் காப்பாத்தினீங்கன்னு. அது நெசமா?” என்று ஷர்மிளா கேட்டாள். நிஜம் என்றேன். “அப்ப எழுதித் தாங்களேன். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குக் காட்டலாம்.” நல்ல வாய்ப்பு, விடுவேனா? மேசன் சுரண்டி முடிப்பதற்குள் முக்கால்வாசியை வாயாலேயே சொல்லிவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தார், அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். நான் சாதாரண தரப் பரீட்சையில் எப்படியோ விஞ்ஞானம் தேறினேன். தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கூலி வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டிய வயதில், அரசாங்கக் கால்நடைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார். ஒரு வருஷம் படித்தேன். மாட்டுக்கு வயிற்றில் நாலு அறை, குதிரைக்கு ஒன்றுதான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்த ஒரு வரி பிற்பாடு என் மானத்தைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு இரண்டு வாசல். முன் வாசல் பாதையைப் பார்த்தபடி, இரண்டு குதிரை பக்கம் பக்கமாக நுழையலாம், அவ்வளவு அகலம். பின் வாசல் சாக்கடை ஓரமாக, ஒடுக்கமாக, பாசி பிடித்த ஆறு கல் படிகளோடு இருக்கும். தோட்டத்து ஆட்கள் ஆடு மாடு கொண்டுவந்தால் பின்பக்கம்தான் போவார்கள். மழை பெய்தாலும் அங்கேதான் நிற்பார்கள். கட்டுக்கம்பமும் அங்கேதான். ஏன் என்று கேட்டால், “அது அப்பிடித்தாங்க” என்பார்கள். நான் அரசாங்க உத்தியோகத்தில் சேர வந்தவள், கையில் நியமனக் கடிதம் வைத்திருந்தவள், என் கால்களும் நேராகப் பின்பக்கம்தான் போயின. ஒரு வருஷம் அப்படித்தான் வந்து போனேன். யாரும் போகச் சொல்லவும் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை.

எங்கள் டொக்டர் சிங்களவர், மாத்தளைப் பக்கத்து ஆள். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். நெட்டையான மனிதர், எப்போதும் முழுக்கைச் சட்டை, கக்கத்தில் குடை. அவருக்குத் தமிழில் சுத்தமாகத் தெரிந்தது மூன்றே கேள்விகள். என்ன தின்னது? எப்ப தின்னது? யார் குடுத்தது? எந்தப் பிராணி வந்தாலும் இந்த மூன்றையும் இதே வரிசையில் கேட்பார். பதில் வரும்வரை ஊசி குத்தமாட்டார். மற்றதெல்லாம் சிங்களத்தில் என்னிடம் சொல்வார், நான் தமிழில் ஆட்களிடம் சொல்வேன். “முதல் ரெண்டு கேள்விக்கு உண்மை வரும், நாகேஸ்வரி. மூணாவதுக்கு வராது. குடுத்த ஆள் பயந்திருப்பான்” என்பார். பிராணியைத் தொடுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் தருவார். நான் நேரம் பார்க்க வேண்டும், அவர் நாடி எண்ணுவார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு பிராணியை அடித்தோ ஒரு ஆளை அதட்டியோ நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் போனாலும் அவன் மருந்து போகவில்லை. கொட்டடியில் அடைத்துக் கிடந்த அலமாரியில் குதிரைத் தலை படம் ஒட்டிய பழுப்பு நிறக் குப்பிகள் இருந்தன. டொக்டர் அதைப் பூட்டிச் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். ஆனால் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றும் குதிரைக்காரர்கள் வீட்டில் அதே மருந்து வேறு உருவத்தில் உயிரோடு இருந்தது. அவர்களில் பலருடைய பாட்டன்மார் இதே கொட்டடியில் குதிரைக்காரர்களாக இருந்தவர்கள். துரை கலக்கியதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, டர்பன்டைன், பெருங்காயம், சாராயம், இன்னும் என்னென்னவோ சேர்த்துப் பியர்ப் போத்தலில் ஊற்றி வைப்பார்கள். ‘துரை மருந்து’ என்று பெயர். குதிரைக்கு வயிற்று நோவு என்றால் தலையைத் தூக்கிக் கட்டி அதை வாயில் ஊற்றிவிடுவார்கள். சில குதிரை பிழைக்கும். பிழைத்தால் மருந்துக்குப் பெயர், செத்தால் விதிக்குப் பழி.

இனி அந்த நாள். மாட்டுப் பொங்கல். முதல் நாள் இரவு கடும் பனி, காலையில் புல்லெல்லாம் வெள்ளை. நான் லீவு கேட்டிருந்தேன். டொக்டர் தரவில்லை, தரவும் முடியாது. இரண்டு நாளைக்கு முன்புதான் பின் வாசலில் நின்ற ஒரு பசுவைப் பார்க்கப் போய், அந்தப் பாசிப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கை மாவுக்கட்டில் தொங்கியது. வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை. “என் கை நீதான்” என்று என்னை வரச் சொல்லிவிட்டார். நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டே பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பகல் ஒரு மணி இருக்கும். பின்பக்கம் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் முத்தையா அண்ணன், ஏரிக்கரைக் குதிரைக்காரர், தன் மட்டக்குதிரையோடு நின்றார். சிட்டு என்று பெயர், செம்மண் நிறம், ஒரு காலில் மட்டும் வெள்ளை. அவர் சம்சாரம் செல்லம்மாக்கா பின்னால் நின்று அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்வை. அந்தக் குளிரில் முதுகிலிருந்து ஆவி போனது. முன்காலால் தரையைத் தோண்டியது. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. நடுவில் நாய் உட்காருவது போல் பின்பக்கத்தைத் தரையில் வைத்து உட்காரப் போனது. வயிறு முட்டி வெடிக்கப் போகிற குதிரைதான் அப்படி உட்காரும் என்று படித்திருந்தேன்.

அவர்களுக்கு அது வெறும் குதிரை இல்லை. அதுவரை முத்தையா அண்ணன் அடுத்தவர் குதிரையை ஓட்டிக்கொண்டிருந்தார். செல்லம்மாக்கா தோட்ட வேலையை விட்டுப் பேர் வெட்டிக்கொண்டு வந்தபோது கையில் கிடைத்த பணமெல்லாம் இந்தச் சிட்டுவாக மாறி நின்றது. அது போனால் இருவருக்கும் வேறு தொழில் இல்லை, திரும்பிப் போகத் தோட்டத்தில் பேரும் இல்லை.

டொக்டர் பின் வாசலுக்கு வந்து பார்த்தார். “உள்ளே கொண்டு வா” என்றார். அந்தப் படியில் குதிரை ஏறுமா? ஏறினாலும் வாசலில் நுழையுமா? “முன் வாசலால சுத்திக் கொண்டாங்க அண்ணே” என்றேன். முத்தையா அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அந்த வாசல்ல நாங்க வர்றதில்லீங்களே, நர்ஸம்மா.”

“யாரு வரக்கூடாதுன்னா?”

“யாரும் சொல்லலீங்க. இங்கனயே ஒரு ஊசியப் போட்டு விடுங்க.”

குதிரை சாகக் கிடக்கிறது, மனிதர் வாசல் பார்த்துக்கொண்டிருக்கிறார். டொக்டர் என்ன நடக்கிறது என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷமாக இந்த ஆட்கள் பின்னால் வருவது அவர்களுக்கு வசதி என்றே அவர் நினைத்திருக்கிறார். தன் கை முறிந்தது கூட அதனால்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குடை தரையில் ஒரு தட்டு. இடது கையால் குதிரையின் கயிற்றைப் பிடித்தார், கட்டடத்தைச் சுற்றி நடந்தார். நான் பின்னால் தள்ளினேன். சிட்டு முன் வாசலால் உள்ளே வந்தது. முத்தையா அண்ணன் வாசற்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார், கோயிலுக்குள் வருவதைப் போல.

கைக்கடிகாரம் என் கைக்கு வந்தது. டொக்டர் இடது கைவிரலைத் தாடைக்கு அடியில் வைத்து நாடி எண்ணினார். சும்மா நிற்கும் மட்டக்குதிரைக்கு நிமிஷத்துக்கு நாற்பது துடித்தால் போதும். இதற்கு அதைப் போல இரண்டு மடங்கு. வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், குடல் சத்தமே இல்லை. பிறகு கேள்விகள் தொடங்கின.

“என்ன தின்னது?”

“புல்லுதாங்க. பனிப் புல்லு. அதான் வாயு அடைச்சிருச்சி” என்றார் முத்தையா அண்ணன். இடுப்புத் துணியிலிருந்து பியர்ப் போத்தல் ஒன்றை உருவினார். “எங்க தாத்தா கலக்கின கணக்குங்க, தொரை மருந்து. நீங்க தலையத் தூக்கிப் பிடிச்சா போதும்.”

பனிப் புல் வாயு என்றால் நோவு குறைய ஊசி போட்டு நடத்திப் பார்க்கலாம், அவசரமில்லை. அப்படித்தான் டொக்டர் ஊசியை எடுக்கச் சொன்னார். நான் சிட்டுவின் தலைப்பக்கம் நின்றேன். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தது. கழுத்தில் செவ்வந்தி மாலை. மேலுதட்டு மயிரில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தேன். ஒரு சோற்றுப் பருக்கை. மோந்து பார்த்தேன். ஏலக்காய்.

செல்லம்மாக்காவை ஓரமாகக் கூட்டிப் போனேன்.

“அக்கா, பொங்கல் குடுத்தீங்களா?”

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“எவ்வளவுக்கா? ஒரு கைப்பிடியா?”

“பானையோடங்க” என்றார் மெதுவாக. “எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் மாட்டுக்குப் பொங்கி வைக்கிறாங்க. எங்களுக்கு மாடா இருக்கு? சோறு போடுறது இவதானே. இவ வந்து மொதப் பொங்கல். முந்திரியெல்லாம் போட்டு, நெய் ஊத்தி... ஆசையா தின்னா. தின்னுட்டுத் தொட்டியில தண்ணியும் குடிச்சா. சாமிக்குப் படைச்சது நர்ஸம்மா, அது எப்பிடிங்க கெடுதல் பண்ணும்? அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுருவாரு.”

மாட்டுக்கு ஒரு பானை பொங்கல் கொடுத்தாலும் அதன் பெரிய வயிறு ஓரளவு தாங்கும். குதிரையின் வயிறு சின்னது, ஒரே அறை. எல்லாவற்றையும்விட மோசம், குதிரைக்கு வாந்தி வராது. போன வழியில் எதுவும் திரும்பாது. சோறு தண்ணீரில் ஊறி, புளித்து, காற்றாகி அந்தச் சின்ன வயிற்றை ஊதிக்கொண்டே போகிறது. இதில் ஒரு போத்தல் துரை மருந்தையும் ஊற்றினால் வயிறு வெடித்துவிடும். ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார். மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

“ரப்பர்க் குழாய்” என்றார். “நாகேஸ்வரி, நீ போடப் போகிறாய்.”

“நானா சேர்? எனக்கு அனுமதி இல்ல.”

“அனுமதி என் வாயிலிருக்கிறது. கை உன்னிடம் இருக்கிறது.”

நான் டொக்டரிடம் சொன்னதில் ‘பொங்கல்’ என்ற சொல் காதில் விழுந்து முத்தையா அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செல்லம்மாக்கா பக்கம் திரும்பிக் கையை ஓங்கினார். நான் இடையில் போய் நின்றேன். “அண்ணே, அவங்க சொன்னதாலதான் சிட்டுக்கு ஒரு வழி கெடைச்சிருக்கு. அந்தப் போத்தல இங்க குடுங்க. கையச் சும்மா வச்சிருக்காம குதிரையோட ஒதட்டைப் பிடிங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் போத்தலைக் கொடுத்தார். கயிற்று வளையத்தைச் சிட்டுவின் மேலுதட்டில் மாட்டித் தடியால் முறுக்கிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் குதிரை அசையாமல் நிற்கும், அதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழாய் என் நடுவிரல் தடிப்பு. மூக்கிலிருந்து தொண்டைவரை அளந்து ஒரு பிளாஸ்டர் ஒட்டினேன், வயிறுவரை அளந்து இன்னொன்று. நுனியில் எண்ணெய் தடவினேன். டொக்டர் என் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு வேலையை முடித்தபிறகே அடுத்ததைச் சொன்னார். “மூக்கில் மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை. மேலே போனால் ரத்தம். கட்டைவிரலால் குழாயைக் கீழே அழுத்திக்கொண்டே தள்ளு.” தள்ளினேன். “முதல் பிளாஸ்டர் மூக்குக்கு வந்ததா? நில். தலையைக் கீழே குனிய வை. அது விழுங்கும்வரை காத்திரு. நீ தள்ளாதே, அது விழுங்கட்டும்.”

எனக்குப் பொறுமை இல்லை. பிறவியிலேயே இல்லை. தள்ளிவிட்டேன். சிட்டு இருமியது. குழாயின் வெளிநுனியில் என் கன்னத்தை வைத்தேன், குதிரை மூச்சு விடும்போதெல்லாம் காற்று வந்தது. சுவாசப் பைக்குள் போய்விட்டது. அங்கே ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தால் அப்போதே செத்திருக்கும். டொக்டர் திட்டவில்லை. “ஹரி. இழு. மறுபடி” என்றார். சிங்களத்தில் ‘சரி’ என்று அர்த்தம், அந்த ‘ஹரி’ சத்தியமாக எனக்கு ஒரு சோடா குடித்த மாதிரி இருந்தது.

இரண்டாம் முறை காத்திருந்தேன். கையில் மாட்டியிருந்த கடிகாரத்தின் முள் நகர்வதே தெரியவில்லை. சிட்டு ஒரு தரம் தொண்டையை அசைத்தது. அந்த நொடியில் தள்ளினேன். கழுத்தின் இடது பக்கத்தில் தோலுக்கு அடியில் ஒரு மேடு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. “சேர், போகுது, போகுது” என்று கத்திவிட்டேன். “பார்க்கிறேன், கத்தாதே” என்றார், அவர் குரலும் மாறியிருந்தது. வயிற்று வாசலில் குழாய் தட்டி நின்றது. லேசாக ஊதச் சொன்னார். ஊதினேன், வழி விட்டது.

இரண்டாவது பிளாஸ்டர் மூக்கை நெருங்கியபோது என் முகத்தில் காற்று அடித்தது பாருங்கள். புளித்த வெல்லம், நெய், ஏலக்காய் எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம். எனக்கு அது சாம்பிராணியாக மணந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே, குழாயைத் தாழ்த்தினால் அது வெளியே. சோறு அடைக்கும், மறுபடி தண்ணீர் விட்டு எடுப்பேன். பொங்கல் வந்தது. திராட்சை வந்தது. முந்திரி முழுசாக வந்தது. கல் தரையெல்லாம் பொங்கல். செல்லம்மாக்கா தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சிக் கொண்டுவந்தார். எத்தனை வாளி என்று யாரும் எண்ணவில்லை. வெளிச்சம் சாயும் நேரத்தில் வந்த தண்ணீர் வெறும் தண்ணீராக வந்தது. டொக்டர் கையை நீட்டினார், நான் நேரம் சொன்னேன், அவர் நாடி எண்ணினார். பாதியாக இறங்கியிருந்தது. சிட்டு பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, தன் கழுத்து மாலையையே எட்டிக் கடிக்கப் பார்த்தது. முத்தையா அண்ணன் அவசரமாக மாலையைக் கழற்றினார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான், வேறென்ன.

அத்தோடு முடியவில்லை. வயிற்றில் சோறு புளித்த குதிரைக்கு அடுத்த நாள் குளம்பில் வீக்கம் வரும், பிறகு ஆயுசுக்கும் நொண்டி. நொண்டிக் குதிரையில் யார் ஏறுவார்கள்? “கால்கள் குளிர்ந்த தண்ணீரில் நிற்க வேண்டும். இரண்டு நாள்” என்றார் டொக்டர். நுவரெலியாவில் தை மாதத்து ஓடைத் தண்ணீரைவிடக் குளிர்ந்த மருந்து எங்கே கிடைக்கும்? கொட்டடிக்குக் கீழே ஓடும் ஓடையில் சிட்டுவை நிறுத்தினோம். அது தனியாக நிற்காது என்று செல்லம்மாக்காவும் இறங்கினார். தலையில் சாக்குப் படங்கைப் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை தண்ணீரில், கயிற்றைப் பிடித்தபடி நின்றார். மாற்றி விடுகிறேன் என்று புருஷன் கெஞ்சினாலும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடிக்க மட்டும் கரையேறுவார். இரண்டாம் நாள் மாலை டொக்டர் நாலு குளம்பையும் இடது கையால் தொட்டுப் பார்த்தார். நாலும் குளிர்ந்திருந்தன. செல்லம்மாக்காவின் பாதந்தான் வீங்கியிருந்தது.

டொக்டர் பதிவேட்டில் என்ன எழுதினார் தெரியுமா? சிகிச்சை அளித்தவர் என்ற இடத்தில் என் பெயர். தன் பெயரை எழுதவில்லை. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. “கை முறிந்தவன் எப்படிக் குழாய் போடுவான்?” என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்.

அடுத்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று நான் லீவு கேட்கவில்லை. பதினொரு மணிக்கு முன் வாசலில் குளம்புச் சத்தம். முத்தையா அண்ணன் சிட்டுவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க, செல்லம்மாக்கா தலையில் பானையோடு நேராக உள்ளே வந்து அதை டொக்டரின் மேசைமேல் வைத்தார்.

“அவளுக்கு நெத்தியில பொட்டு மட்டுந்தான் வச்சேன், டொக்டர் மாத்தயா. வாயில ஒரு பிடி அருகம்புல்லு. பொங்கல் ஒங்களுக்கும் நர்ஸம்மாவுக்கும்.”

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் டொக்டர் தமிழில் கேட்டார், “யார் குடுத்தது?”

“நாந்தாங்க” என்றார் செல்லம்மாக்கா, தலையை நிமிர்த்தி.

டொக்டர் ஒரு வாய் போட்டுக்கொண்டார். ஏலக்காய் கடிபட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அந்தக் குழாய்தான் ஞாபகம் வந்தது. அவர் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஏரிக்கரைக் குதிரைக்காரர்கள் எல்லாரும் முன் வாசலால்தான் வந்தார்கள். அவர்களைப் பார்த்து மாட்டுக்காரர்கள், ஆட்டுக்காரர்கள். பின் வாசல் படியில் பாசி அடர்ந்து, கடைசியில் கதவே திறக்காமல் போயிற்று.

இவ்வளவையும் ஷர்மிளாவிடம் சொல்லி முடித்தபோது ஏணியில் நின்ற மேசன், “அக்கா, கடைசி வரியும் வந்திருச்சி” என்றார். ஷர்மிளா எழுந்துபோய் வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். நானும் போய் எழுத்துக் கூட்டினேன். மேலே உள்ளதைவிடச் சின்ன எழுத்து, ஆனால் அதே மை.

குதிரைக்காரர்களும் கூலியாட்களும் பின் வாசலால் வரவும்.

எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள் அந்தச் சுவருக்கு. எழுத்து மறைந்து, எழுதியவன் கப்பலேறிப் போய், வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் செத்துப்போன பிறகும், எங்கள் ஆட்கள் பின் வாசலால் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். இந்த வரிக்குப் பக்கத்தால்தான் செல்லம்மாக்கா பானையோடு உள்ளே வந்தார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“இத மூடச் சொல்லிரவா அக்கா?” என்றாள் ஷர்மிளா.

“மூடக் கூடாது. கோப்பி குடிக்க வர்றவங்க எல்லாரும் வாசிக்கட்டும்.”

உள்ளே போனேன். பின் வாசல் கதவைக் கோப்பிக் கடைக்காரர்கள் புதிதாகத் திறந்துவிட்டிருந்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்த ஆறு படியில் இறங்கினேன். கட்டடத்தைச் சுற்றி நடந்து முன்பக்கம் வந்தேன். அகலமான அந்த வாசலின் நட்டநடுவால் மறுபடி உள்ளே நுழைந்தேன்.

“என்னாக்கா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?” என்று ஷர்மிளா கேட்டாள்.

“ஆமா புள்ள. மொத நாள் வேலைக்கு வந்தப்ப இந்தப் பக்கமா வர மறந்துட்டேன்” என்றேன்.